பாத மருவை உறைய வைப்பது: முதல்முறை போகிறவர்களுக்கு

உள்ளங்காலில் காய்ப்பு மாதிரி ஏதாவது வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், கால் ஆணி. நானும் அப்படி நம்பி ஆறு மாதம் ஆணி பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நொண்டினேன். கடைசியில் பார்த்தால் அது மரு. தோல் டாக்டர் நைட்ரஸ் ஆக்ஸைடு வைத்து உறைய வைத்தார். சிரிப்பு வாயு என்பார்களே, அதேதான். ஆனால் இங்கே அதை யாரும் மூக்கில் இழுப்பதில்லை, சிரிப்பும் வராது.

1. ஆணியா, மருவா?

இங்கே தப்பினால் மற்றதெல்லாம் வீண். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால்தான் சுள்ளென்று இருக்கும். பாதத்து ரேகைகள் ஆணியின் மேல் அப்படியே ஓடும். மருவின் ஓரம் வந்ததும் விலகிப் போய்விடும். மருவின் மேல்தோலை டாக்டர் சீவினால் கடுகைவிடப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை ரத்தம் உறைந்து அடைத்த நுண்குழாய்கள். ஆணி செருப்பு உரசி வருவது. மரு எச்பிவி வைரஸால் வருவது, பரவும். வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள்.

2. டாக்டரிடம் மறைக்காதீர்கள்

சர்க்கரை, காலில் மதமதப்பு, ரத்த ஓட்டக் குறைவு, குளிர் பட்டால் விரல் வெளுத்துப்போவது, எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தால் ஆறுவது பெரும்பாடு.

3. தோலை மெலிதாக்குங்கள்

டாக்டர் சொன்னால், சில நாள் வெந்நீரில் காலை ஊறவைத்து, சாலிசிலிக் ஆசிட் களிம்பு தடவுங்கள். தடித்த தோல் கம்பளி மாதிரி. குளிரைக் கீழே இறங்க விடாது. மிச்சத்தை அங்கேயே சீவிவிடுவார்கள்.

4. உறைய வைப்பது

நீல சிலிண்டர், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. உள்ளே அழுத்தத்தில் இருந்த வாயு சின்னத் துளை வழியாகப் பீறிட்டு விரியும்போது உலோக நுனி குளிர்ந்துபோகும். மைனஸ் 89 டிகிரி வரை இறங்கலாம். மருவை உறைய வைக்க சிலர் பயன்படுத்தும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அந்த அளவு குளிர் இதில் இல்லாததால் நுனியை மருமேல் நன்றாக அழுத்திப் பிடிப்பார்கள். உஸ்ஸென்று சத்தம், கூடவே எரிச்சல். மரு வெள்ளையாகி, அதைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெள்ளை வளையம் படரும். நுனி தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஃப்ரீசர் ட்ரேயில் ஈர விரல் ஒட்டுமே, அப்படி. காலை இழுத்துவிடாதீர்கள், பனி இளகினால் தானே விட்டுவிடும்.

5. வீட்டுக்கு வந்தபின்

அன்று விண்விண்ணென்று தெறிக்கும். மறுநாளுக்குள் கொப்புளம் வரலாம், சிலருக்கு ரத்தம் கட்டிக் கறுத்தும் இருக்கும். குத்தி உடைக்காதீர்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு என்றால் உடனே போங்கள்.

ஒரே தடவையில் போவது அபூர்வம். எனக்கு மூன்று வார இடைவெளியில் நான்கு தடவை ஆனது. கறுப்புப் புள்ளிகள் மறைந்து, ரேகைகள் அந்த இடத்தின் மேல் மறுபடி ஓடினால்தான் முடிந்தது என்று கணக்கு. அதுவரை செருப்பும் கால் துடைக்கும் துண்டும் தனியாகவே இருக்கட்டும்.