தென்னை ஓலை மஞ்சளாகுதா? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி தோப்புல என்ன பண்ணணும்

தமிழ்நாடு கேரளா எல்லையில கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு எந்த செக்போஸ்ட் பக்கம் போனாலும் இப்போ ஒரே பேச்சுதாங்க, "உங்க தோப்புலயும் வந்துருச்சா?" எங்களுக்கு ஆனைமலை பக்கம் கொஞ்சம் தோப்பு, அம்மா வழியில கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் கொஞ்சம், ரெண்டு பக்கமும் கேரளா வாடல்னு நாம சொல்ற வேர் வாடல் நோய் புகுந்துருச்சு. ஆரம்பத்துல தெரியாம நிறைய காசு விட்டோம். ஒரு ஆள் வந்து மரத்துல ஓட்டை போட்டு ஊசி மாதிரி மருந்து ஏத்துனா மூணு மாசத்துல பச்சையாயிரும்னு சொன்னாரு, அப்பாவும் நம்பி 60 மரத்துக்கு ஏத்துனாரு, கொஞ்ச நாள் தேறுன மாதிரி தெரிஞ்சுது, அப்புறம் பழையபடிதான். அந்தக் காசுல ரெண்டு வருச உரம் போட்டிருக்கலாம். இன்னொருத்தர் அதே மாதிரி ஏமாறக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல் விசயம், இந்த நோயைக் குணமாக்குற மருந்து இன்னைக்கு வரைக்கும் கிடையாது. இது பூஞ்சை கிடையாது, பைட்டோபிளாஸ்மான்னு ஒரு நுண்ணுயிரி, பாக்டீரியா மாதிரி ஆனா செல் சுவர் இல்லாதது, மரத்தோட சாறு ஓடுற குழாய்க்குள்ளயே உக்காந்துக்கும். கண்ணாடி மாதிரி ரெக்கை இருக்குற ஒரு சின்ன பூச்சியும் ஒரு வகை தத்துப்பூச்சியும் சாறு உறிஞ்சும்போது ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டு போகுது. கேரளாவுல 1882 வெள்ளத்துக்கு அப்புறம் ஈராட்டுப்பேட்டை பக்கம்தான் இதை முதல்ல பாத்தாங்க, அதாவது 140 வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மருந்து இல்ல. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் ஏத்துனா அறிகுறி தற்காலிகமா குறையும், நிறுத்துனா திரும்ப வந்துரும், அதனாலதான் ஊசி போட்ட மரம் கொஞ்ச நாள் நல்லா இருக்குற மாதிரி தெரியறது. ஒரு ஆறுதல் என்னன்னா இது மரத்தை சட்டுனு கொல்லாது, வருசக்கணக்குல மெலிய வச்சு காயைக் குறைக்கும், அந்த வருசங்கள்தான் நமக்குக் கிடைக்கிற டைம்.

சரி, மஞ்சளானதெல்லாம் வேர் வாடலான்னா இல்லவே இல்ல. இங்கதான் முக்காவாசி பேரு தப்பு பண்றாங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மரத்தடியில நின்னு நடு அடுக்கு மட்டையை வானத்துக்கு எதிரா பாருங்க. வேர் வாடல்னா மட்டையில இருக்குற ஒவ்வொரு கீத்தும் (ஒத்தை ஓலை) துவண்டு நுனி உள்பக்கமா வளைஞ்சு மட்டையைப் பாக்கவே விலா எலும்பு மாதிரி இருக்கும், இதுதான் முக்கியமான அடையாளம். மஞ்சளும் ஓரம் காய்ஞ்சு போறதும் கூட வரும், ஆனா அது மட்டும் இருந்து கீத்து வளையலைன்னா அவசரப்படாதீங்க. அடி மட்டை மட்டும் வெயில் படுற பக்கம் மஞ்சளாகி நடு ஈர்க்கு ஓரம் பச்சையாவே இருந்தா பெரும்பாலும் மெக்னீசியம் பத்தல, மரத்துக்கு வருசம் அரை கிலோ மெக்னீசியம் சல்பேட் வச்சுட்டு புதுசா வர்ற ஓலையைப் பாருங்க, பழைய ஓலை திரும்ப பச்சையாகாது, அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க.

ஓலைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா முட்டை, மேல் ஓலையில கரி பூசுன மாதிரி கருப்பா இருந்தா அது சுருள் வெள்ளை ஈ. 2016ல நம்ம பொள்ளாச்சி பக்கம்தான் இந்தியாவுலயே முதல்ல கண்டுபிடிச்சாங்க. இதுக்கு பூச்சிமருந்து அடிச்சா ஈயைத் தின்ற என்கார்சியா குளவி முதல்ல செத்துரும், அப்புறம் ஈ ரெண்டு மடங்கா வரும். ஓலைக்கு அடியில தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, மஞ்சள் ஒட்டுப்பொறியில விளக்கெண்ணெய் தடவி கட்டுங்க, கருப்பு போகணும்னா லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைச்சு அடிச்சா காய்ஞ்சதும் தோலா உரிஞ்சு விழும். என்கார்சியா குளவி இருக்குற ஓலை கிடைக்குமான்னு ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க.

இன்னொன்னு தஞ்சாவூர் வாடல், இதுதான் நிஜமாவே மரத்தைக் கொல்றது. அடி மட்டை எல்லாம் பாவாடை மாதிரி தண்டை ஒட்டித் தொங்கும், தண்டோட அடியில செம்பழுப்பா தண்ணி கசியும், அடியில காளான் கூட முளைக்கும். அதுக்கு வேற வைத்தியம், மரத்தைச் சுத்தி ஒரு மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கா வெட்டித் தனிமைப்படுத்தி, 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) 40 லிட்டர் வேர்ல ஊத்தி, 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வைக்கணும், ஒரு பாத்தித் தண்ணி இன்னொரு பாத்திக்குப் போகவே விடக்கூடாது. சந்தேகமா இருந்தா போட்டோவை மட்டும் அனுப்பிட்டு உக்காராதீங்க, ஆபீசரை நேர்ல கூட்டிட்டு வந்து காட்டுங்க. தமிழ்நாட்டுப் பக்கம்னா வேளாண்மை விரிவாக்க மையம், கேரளாப் பக்கம்னா கிருஷி பவன்னு சொல்ற வேளாண்மை ஆபீஸ்.

வேர் வாடல்தான்னு உறுதியாச்சா, பெயிண்ட் டப்பாவும் ஒரு நோட்டும் எடுத்துக்கங்க. எல்லா மரத்துக்கும் நம்பர் போடுங்க, நல்ல மரத்துக்கும் சேத்து. ஒவ்வொரு பறிப்புக்கும் எந்த மரத்துல எத்தனை காய்னு எழுதணும், 45 நாளைக்கு ஒரு தடவைன்னா வருசத்துக்கு எட்டு தடவை, மரம் ஏர்றவங்ககிட்ட சொன்னா மொதல்ல சலிச்சுக்குவாங்க, கூட கொஞ்சம் கூலி குடுத்துருங்க. நாங்க எழுத ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, பாக்க நல்லா இருந்த சில மரம் ஒண்ணுமே காய்க்கல, மஞ்சளா இருந்த சிலது இன்னும் வருசத்துக்கு 70, 80 காய் குடுத்துட்டு இருந்துச்சு. கண்ணால பாத்து வெட்டியிருந்தா அந்த நல்ல மரத்தைத்தான் வெட்டியிருப்போம்.

வெட்டுற கணக்கு இதுதான். உங்க தோப்புல ஒண்ணு ரெண்டு மரத்துல மட்டும் இப்பதான் வந்திருக்குன்னா தயங்காம எடுத்துருங்க, மனசு வராது, ஆனா எடுத்துருங்க, சுத்தி இருக்கிற தோட்டத்துக்காரங்களும் சேந்து எடுத்தாத்தான் பிரயோசனம். தோப்பு முழுக்கப் பரவிட்டா எல்லாத்தையும் வெட்டாதீங்க, வருசத்துக்கு 10 காய்க்குக் கீழ குடுக்குற மரத்தையும், பாளையே விடாம நோய் பிடிச்ச சின்ன மரத்தையும் மட்டும் எடுங்க. வெட்டுன தண்டையும் கட்டையையும் அப்படியே போட்டு வைக்காதீங்க, மக்குன தென்னந்தண்டுலதான் காண்டாமிருக வண்டு குஞ்சு பொரிக்கும், வேரோட பறிச்சு எடுத்துட்டு குழியை மூடுங்க. மரம் வெட்ட, புதுக்கன்னு வைக்க மானியம் சில வருசம் கிடைக்குது, தென்னை வளர்ச்சி வாரியம் மூலமாவும் வரும், அதனால ஆபீசர் வந்து பாத்து எழுதுறதுக்கு முன்னாடி வெட்டாதீங்க, வெட்டுனப்புறம் மரம் இருந்துச்சுன்னு நிரூபிக்க முடியாது. இங்க சிட்டா அடங்கல், அங்க நிலவரி ரசீது, ஆதார், பாங்க் பாஸ்புக் எல்லாம் ஜெராக்ஸ் போட்டு ஒரு கவர்ல ரெடியா வச்சுக்கங்க. நோய் வராத மரம் இருக்கும்போதே தென்னை மரக் காப்பீடு பத்தியும் கேட்டுருங்க, குறைஞ்சது 5 மரம் இருந்தா போதும், நோய் வந்தப்புறம் சேக்க முடியாது.

மிச்ச மரத்துக்குச் சாப்பாடுதான் மருந்து. அஞ்சு வயசுக்கு மேல ஆன மரத்துக்கு வருசத்துக்கு 50 கிலோ மாட்டெரு, 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். இதை ஆடி வாக்குல பாதி, மார்கழி தை வாக்குல பாதின்னு பிரிச்சு தண்டுல இருந்து ஆறு அடி வரைக்கும் வட்டப்பாத்தி எடுத்து அதுல போட்டு மண்ணுல கலந்து உடனே தண்ணி விடணும். தண்டை ஒட்டிக் கொட்டிட்டுப் போற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு, உறிஞ்சுற வேர் அங்க இல்ல, அத்தனையும் வீண். வட்டப்பாத்திக்குள்ள சணப்பு இல்ல தட்டப்பயறு விதைச்சு பூ எடுக்குறப்ப மடக்கி விட்டுருங்க, இது கை மேல பலன் தெரிஞ்ச வேலை, எங்க மண்ணு இப்பதான் காலுக்கு மெத்துன்னு இருக்கு. பொட்டாஷை மட்டும் விலை ஏறிடுச்சுன்னு குறைக்காதீங்க.

நோய் பிடிச்ச மரத்துல குருத்து அழுகலும் சேந்து வரும், ஓலை விரிஞ்சா விசிறி அறுந்த மாதிரி கருகி இருக்கும். அதுக்கு மட்டும் மருந்து உண்டு, அழுகுன பாகத்தை வெட்டி எடுத்துட்டு ஹெக்சகோனசோல் 2 மில்லிய 300 மில்லி தண்ணியில கலந்து குருத்தோட அடியில ஊத்தணும். கூடவே மேல் மட்டை இடுக்குல வேப்பம் புண்ணாக்குத் தூள் 250 கிராம் அதே அளவு மணலோட கலந்து வைங்க, வண்டுக்கும் ஆச்சு பூச்சிக்கும் ஆச்சு. ஊடுபயிரா வாழை வச்சிருக்கறவங்க அதையும் சேத்துப் பாருங்க, நோயைப் பரப்புற கண்ணாடி ரெக்கைப் பூச்சியும் வெள்ளை ஈயும் வாழையிலயும் இருக்கும். கோக்கோ, ஜாதிக்கா, மிளகு நம்ம பக்கம் நல்லா வருது, தேங்கா குறையுற வருசங்கள்ல வீட்டுச் செலவை ஓட்டுறதே அதுதான்.

கடைசியா புதுக்கன்னு. பழைய மரம் காய்ச்சுட்டு இருக்கும்போதே இடையில வைக்க ஆரம்பிச்சுருங்க, எல்லாம் போனப்புறம் வச்சா அஞ்சாறு வருசம் வருமானம் இல்லாம நிக்கணும். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நோய்க்குன்னே கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்ப சங்கரான்னு ரகம் விட்டிருக்காங்க, மொத ரெண்டும் குட்டை, கல்ப சங்கரா ஒட்டு, நோயைத் தாங்கும், வரவே வராதுன்னு இல்ல. குட்டைக்குத் தண்ணி குறையக் கூடாது, போர்ல கோடையில தண்ணி நிக்குமான்னு பாத்துட்டு முடிவெடுங்க. வண்டியில கொண்டு வந்து விலை கம்மின்னு விக்கிற கன்னை வாங்கவே வாங்காதீங்க, தாய் மரம் எதுன்னே தெரியாது. அரசு நாத்தங்கால்ல ஒன்பதுல இருந்து பன்னெண்டு மாசக் கன்னா, ஆறு இலையாவது இருக்குதா, கழுத்து 10 சென்டிமீட்டர் சுத்தளவு இருக்குதான்னு பாத்து எடுங்க. சுத்தி எல்லாம் வாடிக் கிடக்க நடுவுல பத்து பதினஞ்சு வருசமா நல்லா காய்க்கிற ஒத்த மரம் உங்க தோப்புல இருந்தா அதை வெட்டாதீங்க, ஆராய்ச்சி நிலையத்துல சொல்லுங்க, அவங்க அந்த மாதிரி மரத்தைத்தான் தேடிட்டு இருக்காங்க.

குழி மூணுக்கு மூணு அடி, ஆழமும் மூணு அடி, கன்னுக்குக் கன்னு 25 அடி. ஜூன் மழை ரெண்டு தடவை நல்லா இறங்குனப்புறம் நடுங்க, தெக்கு மேக்குப் பக்கம் தடுக்கு முடைஞ்சு நட்டு வச்சு நிழல் குடுங்க, மொத கோடை தாண்டுற வரைக்கும் அதை எடுக்காதீங்க.