சின்ன எஃகு மாடலை அதிர்வு மேசையில் ஏற்றும் முன்

கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று அறிய, நான்கில் ஒரு பங்கு அளவில் எஃகுச் சட்டகம் செய்து, நிலநடுக்கம் போல ஆடும் அதிர்வு மேசையில் ஆட்டிப் பார்ப்பவர்கள் முதலில் சறுக்குவது எடையில்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கில் ஒன்றாகும்போது எடை 64-ல் ஒரு பங்காகிவிடுகிறது. தூணின் குறுக்குப் பரப்போ 16-ல் ஒரு பங்காக நிற்கிறது. அசல் கட்டடத்தில் வரும் அதே தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) மாடலிலும் வர எடையும் 16-ல் ஒரு பங்கு இருந்தாக வேண்டும். அதாவது, மாடலின் சொந்த எடையைப் போல மூன்று மடங்கை மேலே ஏற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் மாடல் எந்த ஆட்டத்துக்கும் அசராது. அதை நம்பிக் கட்டடம் உறுதி என்று எழுதிவிடுவது உயிரோடு விளையாடுவது.

ஏற்றும் விதத்திலும் தவறு நடக்கிறது. இரும்புப் பாளத்தை உத்தரத்தின் மேல் நெடுக வைத்து ஐந்தாறு போல்ட்டால் இறுக்கினால், பாளமும் உத்தரமும் ஒட்டி ஒரே துண்டாகிவிடும். உத்தரம் விறைத்துக்கொள்ள, அது வளைய வேண்டிய நேரத்தில் தூண் வளையும். உடையும் விதமே மாறிப்போகும். பாளம் இரண்டு இடங்களில் மட்டும் உட்காரட்டும்.

புவியீர்ப்பை நம்மால் குறைக்க முடியாது என்பதால் முடுக்கம் அப்படியே இருக்க வேண்டும், நேரம் நீள அளவின் வர்க்கமூலமாக, அதாவது பாதியாகச் சுருங்க வேண்டும். 40 நொடி நிலநடுக்கப் பதிவை 20 நொடியில் ஓட்டுங்கள். சுருக்காமல் ஓட்டினால், இரண்டு மடங்கு வேகமாக ஆடும் மாடலுக்கும் அந்தப் பதிவுக்கும் பொருத்தமே இராது.

12 மி.மீ. தகடு மாடலில் 3 மி.மீ. ஆகும். கைக்குக் கிடைத்ததென்று குளிர்நிலையில் உருட்டிய தகட்டை எடுத்துவிடாதீர்கள். கட்டட எஃகை இழுக்கும்போது ஒரு கட்டத்தில் விசை ஏறாமலே நீளும். குளிர்நிலையில் உருட்டிய தகட்டில் அந்தக் கட்டம் தெளிவாக வராது. சூடாக்கி மெல்ல ஆறவிட்டு, ஒரு துண்டை இழுத்துச் சோதித்த பிறகே வெட்டுங்கள்.

வெல்டு உடையுமா என்று மட்டும் சின்ன மாடலிடம் கேட்காதீர்கள். 8 மி.மீ. வெல்டை 2 மி.மீ. ஆக்கலாம், அதன் சூட்டால் எஃகு மாறும் பகுதி அதே கணக்கில் சுருங்குவதில்லை. விரிசலும் பெரிய துண்டில் ஓடுவது போலச் சின்னதில் ஓடாது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், வளைந்து தாங்கும் என்று நம்பியிருந்த உத்தர-தூண் வெல்டுகள் பல கட்டடங்களில் படக்கென விரிசல் விட்டிருந்தன. அதன் பிறகு முழு அளவு இணைப்புகளையே சோதித்தார்கள். 2007-ல் ஜப்பானின் மிக்கி நகரில், 20 மீட்டருக்கு 15 மீட்டர் உள்ள ஈ-டிஃபென்ஸ் மேசையில் நான்கு மாடி எஃகுக் கட்டடத்தை முழு அளவிலேயே கீழ்த்தளம் சரியும்வரை ஆட்டினார்கள்.

கடைசியாக, மாடல் எப்படி ஆடும் என்ற கணிப்பில், மேசைக்கு ‘இப்படி ஆடு’ என்று கொடுத்த கட்டளையைப் போடாதீர்கள். கனமான மாடல் மேசையையே எதிர்த்து இழுக்கும். மேசை மேல் வைத்த முடுக்கமானி என்ன பதிந்ததோ, அதைப் போடுங்கள்.