மதுரையில் பேண்ட் தொடங்குபவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

சொந்தப் பாடல்களோடு ஒரு பேண்ட் தொடங்க ஆசைப்படும் மதுரைப் பிள்ளைகள் பலர், "சென்னைக்குப் போனால்தான் ஏதாவது நடக்கும்" என்று சொல்லியே இரண்டு மூன்று வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் தவறு. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் என்ற பங்க் (வேகமும் சத்தமும் நிறைந்த எளிய ராக் இசை) குழு, லண்டன் நிறுவனங்கள் அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாடல்கள் கொண்ட இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதிகள். அவர்களுடைய ஊர் மான்செஸ்டர். பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். ஹார்வி மில் இருந்த ஊர்க்காரர்களான நமக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

அடுத்தது, கூட்டத்தைப் பிடித்து வைக்கப் பாதி நேரம் சினிமாப் பாட்டு வாசிப்பது. நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்கள் அதைப் பல வருட உழைப்பில் கற்றவர்கள். அவர்களுக்கு நிகராக நம்மால் வாசிக்க முடியாது. கேட்டவர்களும் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பாட்டுகளைத்தான் முணுமுணுப்பார்கள். நியூயார்க்கில் பங்க் வளர்ந்த சிபிஜிபி என்ற மது விடுதியில் சொந்தப் பாடல் வைத்திருந்த குழுக்களுக்கே மேடை கிடைத்தது. உங்களிடம் நான்கு பாடல்கள்தான் இருக்கின்றனவா? நான்கை மட்டும் வாசித்துவிட்டு இறங்குங்கள்.

பங்க் எளிமையான இசை, அதற்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ரமோன்ஸ் என்ற பங்க் குழு 1976-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தமே அரை மணி நேரத்துக்குள். அந்த வேகத்தில் நால்வரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிற்பது விளையாட்டல்ல.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் நாம் வெளியூரைப் பார்க்கவும் வேண்டியதில்லை. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்று நையாண்டி மேளம் திறந்த வெளியில் விடிய விடிய ஆயிரம் பேரை நிறுத்தி வைக்கிறது. அந்தக் கலைஞரைக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் அழைத்து மேடையை அலங்கரிக்காதீர்கள். பாட்டு உருவாகும் அறையிலேயே அவர் இருக்கட்டும், உரிய சம்பளத்தோடு. பாடுபவர் ஆங்கிலப் பாடகரைப் போலத் தமிழை மென்று துப்பும் பழக்கமும் போக வேண்டும். மேலமாசி வீதியில் பேசும் அதே வாய் மேடையிலும் பேசட்டும்.

இனி, உயிரோடு விளையாடும் தவறு. ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் கிட்டார்காரர் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் வாய் வைத்தார். அடித்த ஷாக்கில் இரண்டடி பின்னால் போய் விழுந்தார். ஆம்ப்ளிபயர் பிளக்கில் எர்த் முனையை யாரோ உடைத்திருந்தார்கள், 'ஹம்' சத்தம் குறையட்டும் என்று. கிட்டார் கம்பி ஆம்ப்ளிபயரோடும் மைக் மிக்ஸரோடும் இணைந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாவிட்டால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பாய வழியிருக்கிறது. எர்த் முனையை ஒருபோதும் உடைக்காதீர்கள். மேடைக் கருவிகள் அனைத்துக்கும் எர்த் சரியாக உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். ஜெனரேட்டர் வந்தால் அதற்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று மைக்செட்காரரிடம் கேட்டுப் பார்த்த பிறகு மேடை ஏறுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பாடகர் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்பதால்தான் அந்த 'கீ' என்ற ஊளை எழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் அது இன்னும் பெருகும். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னே, கூட்டத்தைப் பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இது தெரியாமல் நல்ல பாட்டைக் கடைசிக்கு வைத்து, பாதியில் நிறுத்தப்பட்டுக் கலங்கிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். 9.45-க்குள் முடியும்படி பாட்டு வரிசையை எழுதி, அதன் ஒரு பிரதியை மைக்செட்காரர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.