பேட்டரி இறங்கி வண்டி மக்கர் பண்ணிய பிறகு ஈசியூவை ரீசெட் செய்வது எப்படி?

பேட்டரி இறங்கிப்போய், ஜம்ப் கேபிள் போட்டோ புது பேட்டரி மாற்றியோ எப்படியோ காரைக் கிளப்பிவிட்டீர்கள். ஆனால் செக் இன்ஜின் லைட் அணையவில்லை. சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, சில நேரம் இன்ஜின் ஆஃப் ஆகியே விடுகிறது. "பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. எடுத்த எடுப்பிலேயே ஈசியூவை, அதாவது இன்ஜினை இயக்கும் கணினியை, ரீசெட் செய்தால், கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும்.

இங்கே சொல்வது சாதாரண பெட்ரோல் கார்களுக்கு. டீசலுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடவே கூடாது.

ரீசெட் செய்தால் எது அழியும்?

எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியூ. அதற்கான அடிப்படைக் கணக்கு தொழிற்சாலையிலேயே பதிந்து வரும். அது அழியாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரில் இருக்கும் சாவியின் பதிவும் அழியாது, பயம் வேண்டாம்.

அழிவது, ஓட ஓட ஈசியூ தானாகக் கற்றுக்கொண்ட திருத்தங்கள். சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால், ஐடிலிங் நிற்க எவ்வளவு திறக்க வேண்டும் என்று பழகிக்கொள்ளும். இவற்றோடு, எங்கே கோளாறு என்று ஈசியூ பதிந்து வைத்திருக்கும் கோடு (code) எண்களும் போய்விடும்.

வோல்டேஜ் இறங்கிய நிலையில் செல்ஃப் அடிக்கும்போது ஈசியூவுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் போதிய மின்சாரம் கிடைக்காது. அப்போது கெட்டுப்போகாத சென்சார் மேலும் கோடு விழும். பேட்டரி இறங்கிய வண்டியில் நாலைந்து கோடு சேர்ந்து தெரிவது இதனால்தான்.

முதலில் பேட்டரி

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் ஆன் செய்யாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள்.

அடுத்து ஒருவரை சாவி போடச் சொல்லி, செல்ஃப் அடிக்கும் அந்த சில நொடிகள் மீட்டரையே பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலம் இழந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக் காலத்துப் பழக்கம் அது. ஒயரைக் கழற்றும் கணத்தில் வோல்டேஜ் எகிறி ஈசியூவே எரிந்துபோகலாம். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

சத்தமும் நிறைய சொல்லும். சாவி போட்டதும் "டக் டக் டக்" என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, லைட் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ எர்த் ஒயரையோ பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல், ஸ்பார்க், இம்மொபிலைசர் பக்கம் பிரச்சினை. டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கினால் வேறு சாவி போட்டுப் பாருங்கள்.

டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்

பானெட்டைத் திறந்து, டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். துளிகூட அசையக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கீழே சொல்வதுபோல் கோடு எண்ணை முதலில் குறித்துவைத்து, ஒயரைக் கழற்றிய பிறகு வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றுங்கள். நுரைத்து வரும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அந்தப் பொடி கண்ணில் படக் கூடாது. கிளாம்ப்பின் உள்பக்கம்தான் முக்கியம்: மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதை உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னும்வரை தேய்த்து எடுங்கள். மாட்டி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினால் போதும்.

கோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே கோளாறைப் படிக்க உதவும், 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். இந்தியாவில் 2013-க்குப் பிறகு வந்த கார்களில் இருக்கும், அதற்கு முந்தைய பல வண்டிகளிலும் உண்டு. சிறிய புளூடூத் ஸ்கேனரைச் செருகி, மொபைல் ஆப்பில் பார்த்தால் கோடு வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. பேட்டரி கதையோடு ஒத்துப்போகிறது. பி0300 என்றால் மிஸ்ஃபயர், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அது ரீசெட்டில் மறைந்தாலும் காரணம் மறையாது, பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது ரீசெட்

ஸ்கேனர் இருந்தால் இன்ஜினை நிறுத்தி, இக்னிஷன் மட்டும் ஆனில் வைத்து, ஆப்பிலேயே கோடை அழிக்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியைக் கழற்றினாலும் கோடு அழியாது, ஸ்கேனரால்தான் அழியும்.

ஸ்கேனர் இல்லையா? சரி, பேட்டரி வழியில் போகலாம். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியை வெளியே எடுத்துக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் கழித்து 10 மி.மீ. ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றுங்கள். கறுப்பு ஒயர், மைனஸ் குறி. பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். கழற்றிய ஒயரைத் துணியில் சுற்றி ஓரமாகத் தள்ளிவைத்து அரை மணி நேரம் விடுங்கள்.

இன்ஜின் தானாக நின்று கிளம்பும் வசதியுள்ள வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலோடு ஒரு சிறு சென்சார் இருக்கும். அதை நெம்பாதீர்கள். அந்த வண்டிகளுக்குப் புது பேட்டரியும் அதே வகையில்தான் வாங்க வேண்டும்.

திரும்பக் கற்றுக்கொள்ள விடுங்கள்

பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். நெகட்டிவை மாட்டி இறுக்குங்கள். ஏசி, லைட், ஸ்டீரியோ எல்லாம் ஆஃப். இக்னிஷனை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் பத்து நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். பல வண்டிகளில் த்ராட்டில் தன் மூடிய நிலையை அப்போது அளந்துகொள்ளும்.

அப்புறம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலிங்கில் விடுங்கள். மூடிய கராஜில் வேண்டாம், திறந்த இடத்தில் செய்யுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். கொஞ்சம் தடுமாறி, தானே நிலைக்கு வரும். அதன் பிறகு ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து 20, 30 கி.மீ. நிதானமாக ஓட்டினால் பெட்ரோல் திருத்தமும் படிப்படியாகப் பதியும். ஆட்டோ கியர் வண்டியில் முதல் சில நாள் கியர் மாறுவது சற்று முரடாகத் தெரியலாம்.

ஜன்னல் தானாக ஏறவில்லை என்றால் முழுக்க மூடி, ஸ்விட்சை இரண்டு நொடி அப்படியே பிடியுங்கள். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் வசதி) லைட் எரிந்தால் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஏர்பேக் லைட் அணையாவிட்டால் நீங்கள் கை வைக்காதீர்கள், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

லைட் திரும்ப வந்தால்

முன்பு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். அதே கோடு திரும்பியிருந்தால் அது உண்மையான கோளாறு. மறுபடி மறுபடி அழிக்காமல் மெக்கானிக்கிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

கோடு எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று நாள் நின்றாலே பேட்டரி மட்டும் இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்கிறது. மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கழற்றிய நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது இக்னிஷனைப் போடக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் வேலை. வெளியில் வாங்கி மாட்டிய டேஷ் கேமராவையும் ஸ்டீரியோவையும் முதலில் பாருங்கள்.