மந்தைக் காவல் நாயோட குரோமோசோமை எண்ணிப் பாக்குறது எப்படி?

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், குரோமோசோமை எண்ணி இது அசல் இனமா கலப்பான்னு கண்டுபிடிக்க முடியாது. எல்லா நாய்க்கும் 78 தான், ஓநாய்க்கும் அதே 78. இனம் பாக்கணும்னா அதுக்கு டிஎன்ஏ டெஸ்ட் தனியா இருக்கு. அப்புறம் ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா, அரிய இனத்துல மிச்சம் இருக்கறதே கொஞ்சம் நாய்ங்க, அதுல இனப்பெருக்கத்துக்கு விடுற ஒரு ஆண் நாய்க்கு ரெண்டு குரோமோசோம் ஒண்ணா ஒட்டிப்போயிருந்தா வெளியில எதுவுமே தெரியாது, ஆனா ஈத்துல குட்டி குறையலாம், பொறக்குற குட்டிகள்ல சுமாரா பாதிக்கு அதே ஒட்டு போய்ச் சேரும்.

1. ரத்தம்: வெட்னரி டாக்டர்தான் எடுக்கணும். இந்த நாய்ங்க அந்நியரை அண்ட விடாது, அதனால மேய்க்கிறவரே பிடிச்சுக்கணும். முன்னங்கால் நரம்புல 3 மில்லி போதும். பச்சை மூடி ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்க மருந்து) ட்யூப்ல எடுங்க, ஊதா மூடி வேணாம். ஃப்ரீஸர் பக்கமே கொண்டு போகாதீங்க, நமக்கு உயிருள்ள செல் வேணும்.

2. வளர்ப்பு: ஆர்பிஎம்ஐ 1640 மீடியம் (செல் வளர்க்கிற திரவம்) 5 மில்லி, கூட சீரம், ஆன்டிபயாடிக், பிஎச்ஏ, அதுல அரை மில்லி ரத்தம். 37 டிகிரியில 72 மணி நேரம். லிம்போசைட் (ரத்தத்துல இருக்கற ஒரு வகை வெள்ளை செல்) தானா ரெண்டா பிரியாது, அதைப் பிரிய வைக்கிறதே பிஎச்ஏதான்.

3. கடைசி ஒரு மணி நேரத்துக்கு கோல்செமிட்னு ஒரு மருந்து, செல் பிரியறது பாதியில நிக்கும். அதிக நேரம் விட்டா குரோமோசோம் சுருங்கிடும், நாயோடது ஏற்கெனவே பொடிசு, வெறும் புள்ளியாத்தான் தெரியும்.

4. 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடுல 20 நிமிஷம் ஊற வைங்க, செல் உப்பும். அப்புறம் மெத்தனால் 3 பங்கு, அசிட்டிக் ஆசிட் 1 பங்கு, அப்பப்போ புதுசா கலந்தது. முதல் மில்லியைச் சொட்டுச் சொட்டா, ட்யூபை ஆட்டிக்கிட்டே விடணும், மொத்தமா ஊத்தினா செல்லெல்லாம் கட்டி தட்டிடும். மெத்தனால் விஷம், க்ளவுஸும் ஃப்யூம் ஹூடும் கட்டாயம். மூணு தடவை கழுவி, ஸ்லைடுல சொட்டு விட்டு, காய்ஞ்சதும் ஜிம்சா சாயம் ஏத்துங்க.

5. எண்றது: 100எக்ஸ் ஆயில் லென்ஸ்ல பாருங்க. இங்கதான் பொறுமை வேணும். 76 குரோமோசோம் ஒரு பக்கம் மட்டும் கை நீட்டிருக்கும், எக்ஸும் ஒய்யும் மட்டும்தான் ரெண்டு பக்கமும். எக்ஸ் நல்லா பெருசு, ஒய் இருக்கறதுலயே சின்னது. 77 வந்தா உடனே பயப்படாதீங்க, ஸ்லைடுல செல் உடைஞ்சு ஒண்ணு சிதறிப் போயிருக்கலாம். ரெண்டு பக்கமும் கை உள்ளது எத்தனைன்னு எண்ணுங்க: வழக்கமான ரெண்டை விட ஒண்ணு கூடியிருந்து, எண்ணிப் பாத்த 30 செல்லுலயும் அப்படியே இருந்தா, அது ராபர்ட்சோனியன் ஒட்டு, அதாவது ஒரு பக்கம் கை உள்ள ரெண்டு குரோமோசோம் சேந்து ஒண்ணானது. பெண் நாய்ல 77 வந்து ஒரே ஒரு எக்ஸ் மட்டும் இருந்தா அது வேற, அந்த நாய்க்குக் குட்டி தங்குறது கஷ்டம்.

எது எதோட ஒட்டியிருக்குன்னு ஜிம்சாவை மட்டும் வச்சு சொல்ல வராது, நாய் குரோமோசோமுக்கு 1996ல வந்த ஸ்டாண்டர்டே பேண்டிங் (குரோமோசோம்ல பட்டை பட்டையா சாயம் ஏத்துறது) வச்சு முதல் 21 ஜோடியத்தான் உறுதி பண்ணுச்சு. மத்ததுக்கு ஃபிஷ் டெஸ்ட் (ஒளிரும் டிஎன்ஏ துண்டை ஒட்டிக் குரோமோசோமை அடையாளம் பாக்குறது) வேணும், அதனால மிச்ச செல்லை அந்த மெத்தனால்-அசிட்டிக் ஆசிட் கரைசல்லயே மைனஸ் 20 டிகிரியில வைங்க. ஒட்டு இருக்குன்னு தெரிஞ்சாலும் அந்த நாயை அவசரப்பட்டு ஒதுக்கிடாதீங்க, அதோட குட்டிகளையும் டெஸ்ட் பண்ணி சரியா 78 இருக்கறதை அடுத்த ஈத்துக்கு விடுங்க, அந்த வம்சமும் அழியாம நிக்கும்.