திருகோணமலையில் மரம் ஏறிக் கொப்பு வெட்டும் வேலை பழக வருகிற தம்பிமாருக்கு

மரம் ஏறத் தெரிந்தால் போதும், இந்தத் தொழிலுக்கு வந்துவிடலாம் என்று நினைத்து என்னிடம் வருகிற பெடியன்மார் அதிகம். ஏறத் தெரிவது நல்லதுதான். என் அப்பாவும் நிலாவெளித் தோட்டங்களில் தளைநார் போட்டுத் தென்னை ஏறியவர். ஆனால் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிற ஒரு வேம்பை, ஓடும் உடையாமல் மரமும் சாகாமல் குறைத்துக் கொடுப்பது வேறு வேலை. அதைப் பழகுகிற வழியை எனக்குத் தெரிந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

முதல் வருடம் நிலத்தில் நில்லுங்கள். கொப்பு இழுப்பது, வடம் பிடிப்பது, வளவுக்குள் பிள்ளைகளும் ஆடுமாடும் வராமல் பார்ப்பது, மேலே இருப்பவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது. இதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மேலே ஒருவருக்கு மயக்கம் வந்தால் அவரை இறக்க வேண்டியவர் கீழே நிற்பவர்தான். அதனால் இறக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் யாரையும் ஏற விடாதீர்கள். செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிற முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வாருங்கள். அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கம் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.

அந்த வருடத்தில் முடிச்சுகளைப் பழகுங்கள். திருக்கடலூர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பப் பெடியன்மாருக்குப் பாதி முடிச்சு ஏற்கனவே கை வந்திருக்கும், அவர்கள் இந்த வேலைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம். புதிதாகப் பழக வேண்டியது புரூசிக் முடிச்சு. கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் எழுதி வைத்த முடிச்சு அது. பாரம் விழுந்தால் வடத்தை இறுக்கிப் பிடிக்கும், பாரம் எடுத்தால் வழுக்கி நகரும். ஏறுகிற வடம் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மாடு கட்டுகிற நைலோன் கயிற்றை நம்பி உயிரைத் தொங்கவிடக் கூடாது. தாடைப்பட்டி உள்ள தலைக்கவசம், இடுப்பும் தொடையும் தாங்குகிற பெல்ட், வாளால் அறுக்கும்போது உங்களை மரத்தோடு பிணைக்க இரண்டாவதாக ஒரு கட்டு. மற்றச் சாமான்களைச் சம்பாதித்துச் சம்பாதித்து வாங்கலாம்.

ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி நடவுங்கள். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, வேர்ப்பக்கத்து மண் வெடித்துக் கிளம்பியிருக்கிறதா, மரச்சுத்தியலால் தட்டினால் வெறும் பொந்துச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மதில் கட்டியது எப்போது என்று வீட்டுக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். அத்திவாரம் வெட்டும்போது ஒரு பக்க வேரை அறுத்திருந்தால் மரம் இலையும் பச்சையுமாகத்தான் நிற்கும், சில வருடங்கள் கழித்து ஒரு காற்றில் மதிலோடு சாயும். கொப்புகளுக்குள் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் வடம் எறியாதீர்கள். முசுறு கடித்தால் தாங்கலாம். குளவி விரட்டினால் வடத்தில் தொங்குகிறவருக்கு ஓட இடமில்லை.

மின்கம்பி அருகே இருந்தால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். 1987 என்ற மின்சார இலக்கத்துக்கு அழைத்து, மின்சார ஆட்கள் வந்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் தொடங்கலாம். "சும்மா ஒரு சின்னக் கொப்புத்தானே தம்பி" என்று வீட்டுக்கார ஐயா சொல்வார். பச்சைக் கொப்பு மின்சாரம் கடத்தும். மரியாதையாக மறுத்துவிட்டு வாருங்கள்.

இனி வெட்டு. இந்தத் தொழிலின் படிப்பு இதில்தான் இருக்கிறது. கொப்பு அடிமரத்தோடு சேருகிற இடத்தில் வளையம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். கடைசி வெட்டு அந்தத் தடிப்புக்கு வெளியே விழ வேண்டும். மூன்று வெட்டு போட வேண்டும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து மேலாக, கொப்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து, கொப்பு விழும்வரை. மிஞ்சிய குற்றியைத் தடிப்புக்கு வெளியே கடைசியாக. முதல் வெட்டைப் போடாமல் விட்டால் விழுகிற கொப்பு அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

முன்பு எல்லோரும் அடிமரத்தோடு ஒட்டச் சீவித்தான் வெட்டினார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று. அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துத் திறந்து பார்த்து, அது எவ்வளவு கெடுதல் என்று காட்டினார். மரத்துக்கு நம்முடைய தோல் போலக் காயம் ஆறுவதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகல் உள்ளே பரவாமல் மறித்துவிட்டு, மேலே புது மரப் படலம் வளர்க்கிறது. அந்தத் தடுப்புக்கு வேண்டியது தடிப்புப் பகுதியில்தான் இருக்கிறது. அதைச் சீவி எடுத்தால் அழுகல் நேரே உள்ளே போகும். வெட்டுக்கு மேல் தார், சாணி, பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். அதனால் அழுகல் நிற்பதில்லை.

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று பயம் வந்ததும் உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "மரத்தை மொட்டையடித்து விடுங்கோ." 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டக் கரையைக் கடந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. பயம் நியாயமானது. மொட்டையடிப்பதுதான் தவறான வைத்தியம். வெட்டிய நுனிகளில் இருந்து கூட்டமாகத் தளிர்கள் வரும். அவை வெளிப்பக்கத்துப் பட்டையோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மாரியில் தடித்துக் கனத்துவிடும், அடியில் அழுகலும் தொடங்கியிருக்கும். முன்பிருந்ததைவிட ஆபத்தான மரம் கூரைக்கு மேல் நிற்கும். காய்ந்த கொப்பு, உரசுகிற கொப்பு, கூரைமேல் நீண்டு கனக்கிற கொப்பு இவற்றைத் தெரிந்தெடுத்து எடுங்கள். ஒரு தடவையில் பச்சை இலையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இதற்கு நல்ல காலம் ஆவணி, புரட்டாதி. ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் ஆடியிலேயே சொல்லிவையுங்கள்.

புளி வளையாமல் தாங்கும், வேம்பும் நல்ல மரம். முருங்கைக் கொப்பில் கால் வைக்கவே கூடாது. வாகை பரந்து விரிந்து அழகாக நிற்கும், ஆனால் பெரிய கொப்பைச் சொல்லாமல் போடும். தென்னையும் பனையும் தனிக் கணக்கு. அவற்றுக்குக் குருத்து ஒன்றுதான், அது போனால் மரம் போயிற்று. பச்சை ஓலையை வெட்டிக் குறைக்காதீர்கள். நிற்க வேண்டிய எந்த மரத்திலும் ஆணிச் சப்பாத்துப் போட்டு ஏறாதீர்கள். தென்னையில் விழுந்த துளை மூடுவதே இல்லை, செவ்வண்டு அதன் வழியே புகும்.

மெஷின் வாள் கடைசியாகத்தான் கைக்கு வர வேண்டும். அலகு நுனியின் மேற்பகுதி எதிலும் படக்கூடாது. பட்டால் வாள் முகத்துக்கு எகிறும். மேலே வைத்து ஒற்றைக் கையால் அறுக்கிறவரிடம் வேலை பழக வேண்டாம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மரக்குற்றியை லொறியில் ஏற்றுவதற்கு முன் அதற்கான அனுமதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோயில் மரமென்றால் ஐயரிடமும் பரிபாலன சபையிடமும் பேசி, அவர்கள் சொல்கிற நாளில் போங்கள்.

கொந்தராத்துப் பேசும்போது வெட்டுக்கு ஒரு விலை, குப்பை அகற்ற ஒரு விலை என்று பிரித்துச் சொல்லுங்கள். பாதி நேரம் கொப்பு இழுப்பதில்தான் போகும். விறகும் குற்றியும் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிவைத்தால் சண்டை வராது. உடைந்த ஓடுகளை வேலை தொடங்க முன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

ஐம்பதைத் தாண்டியும் தினமும் ஏற முடியாது, முழங்காலும் தோளும் சொல்லிவிடும். அதற்கு முன்பே மரத்தைப் பார்த்து அறிக்கை எழுதப் பழக வேண்டும். ஹோட்டல்களுக்கும் பாடசாலைகளுக்கும் எந்த மரம் நிற்கலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்ல ஆள் தேவை. இதைத் தங்கச்சிமாரும் தாராளமாகச் செய்யலாம். வெளிநாடு போக விருப்பமென்றால் பிரித்தானியாவில் வாள், ஏற்றம், மேலிருந்து ஆளை மீட்டல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழுக்கு வேலை அனுபவத்தைக் காட்ட வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பி வைத்து, திகதி, இடம், என்ன மரம், என்ன செய்தோம், யாரோடு வேலை செய்தோம் என்று எழுதி, வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.