சர்நேம் கட்டமும் நாம் செய்யும் குளறுபடிகளும்

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கமும் மெல்ல மெல்லப் போய்விட்டது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். ஊருக்குள் இருக்கும்வரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை. படிவத்தில் 'சர்நேம்' என்றொரு கட்டம் வரும்போதுதான் ஆளாளுக்கு ஒன்றை எழுதுகிறோம்.

பெரிய தவறே அதுதான்: படிவத்துக்குப் படிவம் மாற்றி நிரப்புவது. மு. குமரன் என்று ஒருவர், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுத வேண்டும். 'கிவன் நேம்' கட்டத்தில் குமரன், 'சர்நேம்' கட்டத்தில் முருகேசன் என்று போடலாம். சர்நேமைக் காலியாக விட்டுவிட்டு குமரன் என்று மட்டும் போடவும் வழி உண்டு. ஆனால் பான் கார்டு விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயரைக் கடைசிப் பெயருக்கான கட்டத்தில்தான் எழுத வேண்டும். ஒரே ஆள், ஒரே பெயர், இரண்டு படிவங்களில் நேரெதிர் கட்டங்கள். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதலெழுத்து. உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள், வருமான வரித்துறை எதை உங்கள் சர்நேமாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சர்நேமைக் காலியாக விடுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் வெளிநாடு போகும்போது இடிக்கும். அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைச் சர்நேமாக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். எதற்கு வம்பு? அப்பா பெயரையே சர்நேமாகப் போட்டுவிடுவதுதான் என் கட்சி.

கல்யாணத்துக்குப் பிறகு அடுத்த குழப்பம். மனைவி கணவர் பெயருக்கு மாறியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே காலம் முழுக்க இருக்கலாம். ஆனாலும் சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று மாற்றுகிறவர்கள் அதிகம். மாற்றினால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன குமரன் வீட்டையே வைத்துப் பாருங்கள், மனைவியும் குழந்தையும் குமரன் என்பதையே சர்நேமாகப் போடுவார்கள்: கணவரின் சர்நேம் முருகேசன், மனைவியின் சர்நேம் குமரன், குழந்தையின் சர்நேமும் குமரன். பெயரை மாற்றியும் கணவன் மனைவிக்கு ஒரே சர்நேம் வரவில்லை! ஒரே சர்நேம்தான் வேண்டுமென்றால் மூன்று பேருக்கும் எது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள். வேண்டாமென்றால் அப்படியே விடுங்கள், தப்பில்லை. குழந்தையோடு பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டால் சரி.

பெயரையே மாற்றுவதென்றால் நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட், பேப்பரில் ஒரு விளம்பரம், வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. ஆதாரில் முழுப் பெயரையும் மாற்ற கெசட், அதாவது அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் போக வேண்டியது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. பெயர் மாற்றங்கள் அரசிதழின் ஆறாம் பாகம், நான்காம் பிரிவில் வெளியாகும். இன்னார், இன்னாரின் மகன், பிறந்த தேதி இது, சொந்த மாவட்டம் இது, இன்ன முகவரியில் வசிப்பவர், இனி இந்தப் பெயரால் அறியப்படுவார் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம், அவ்வளவுதான். பெயர் மாற்ற விளம்பரங்களுக்குச் சட்டப் பொறுப்பு எதையும் ஏற்பதில்லை, விளைவுகளுக்கு அறிவிப்பவரே பொறுப்பு என்ற எச்சரிக்கையும் கூடவே அச்சாகும். எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுத்தால் பிழையோடுதான் வரும் என்று அர்த்தம். பழைய பெயரைப் பிறப்புச் சான்றிதழிலும் டிசியிலும் உள்ளபடியே எழுதுங்கள். புதிய பெயரில் இனிஷியலை விரித்தே கொடுங்கள், இங்கே 'மு.' என்று விட்டால் பாஸ்போர்ட்டுக்கு மறுபடியும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். கெசட் வந்துவிட்டதென்று பழைய மார்க் ஷீட்கள் தானாக மாறிவிடாது, இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். சர்நேமை மாற்றினால் சாதிச் சான்றிதழில் உள்ள சாதியும் மாறாது. இதையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு அப்பா பெயரைத்தான் போட வேண்டுமா? அப்பா இறந்துவிட்ட நிலையில், ஒரே இயற்கைப் பாதுகாவலரான தாய்க்குக் குழந்தையின் சர்நேமைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாய் மறுமணம் செய்துகொண்ட வழக்கு அது. புதிய கணவரின் குடும்பப் பெயரையே குழந்தைக்கு வைக்கலாம் என்றது நீதிமன்றம். தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைக்கு பான் கார்டிலும் அப்பா பெயர் கட்டாயமில்லை. 2018 டிசம்பரிலிருந்து தாயின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.

பிறப்புச் சான்றிதழில் பெயரே சேர்க்காமல் விட்டுவைக்கிற பழக்கமும் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமே அந்தச் சான்றிதழ்தான், அதனால் தள்ளிப்போடாதீர்கள். பெயரைச் சேர்க்கும்போதே, பின்னால் பாஸ்போர்ட்டில் எப்படி வர வேண்டுமோ அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான்.